கைப்பிடி வளர்த்த புறா

மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கும்போது முன்பின் தெரியாத ஒருவர் வந்து முழங்கையைப் பற்றினால், எந்த ஊரிலும் சத்தம்தான் போடுவார்கள். அந்த ஆஸ்பத்திரியில் மட்டும் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "விடுங்கண்ணே, எனக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே ஏறுவார்கள். அவர் விடமாட்டார். கடைசிப் படியையும் தாண்டி, இரண்டு காலும் சமதரையில் பதிந்த பிறகுதான் கையை எடுப்பார். பெரிய டாக்டருக்கும் அதே மரியாதை, தண்ணீர் கேன் போடுகிறவனுக்கும் அதே மரியாதை. அதனால் அவருக்குக் கைப்பிடி என்று பெயர் விழுந்தது. படியோரத்தில் இரும்பிலும் ஒரு கைப்பிடி இருந்தது. அது ஆடும்.

எலும்பு வார்டில் அவர் அட்டெண்டர். ஆபரேஷன் முடிந்தவர்களை ஸ்ட்ரெச்சரிலிருந்து கட்டிலுக்கு மாற்றுவது, கட்டிலிலிருந்து எழுப்பி நிறுத்துவது, நடத்திக் கொண்டுபோய்க் கழிவறையில் உட்கார வைத்துத் திரும்பக் கூட்டிவருவது, இதுதான் வேலை. கேட்பதற்குச் சாதாரணமாகத் தெரியும். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும் சங்கதி. கையைப் பிடித்து இழுத்தால் இரண்டு பேரும் சேர்ந்து விழுவார்கள். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் தோள்மூட்டு போய்விடும். இடுப்பில் அகலமான ஒரு பட்டையைக் கட்டி, அதைக் கீழிருந்து ஒரு கையால் பற்றி, நம் முழங்காலை அவர் முழங்காலுக்கு முட்டுக் கொடுத்து, "மூணு எண்ணும்போது எந்திரிக்கலாம்" என்று சொல்லிவிட்டு இரண்டிலேயே தூக்கிவிட வேண்டும். பயப்பட அவகாசம் கொடுத்தால் மனித உடம்பு கல்லாகிவிடும்.

வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் தன் கையிலிருந்து ஒரு நோயாளிகூட விழுந்ததில்லை என்பது அவருடைய பெருமை. கேட்டவர்களிடம் சொல்வார். கேட்காதவர்களிடம் இன்னும் விரிவாகச் சொல்வார். ஒருமுறை ஒரு சமையல் மாஸ்டர், கதவில் நுழைவதற்கே ஒருக்களித்துத் திரும்ப வேண்டிய ஆகிருதி, கழிவறை வாசலில் தலைசுற்றிச் சரிந்தார். பட்டை அறுந்துவிட்டது. கைப்பிடி யோசிக்கவில்லை. சரிகிற மனிதருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். மாஸ்டர் தரையைத் தொடவில்லை. ஆகவே அவர் விழவில்லை. கைப்பிடிக்கு விலா எலும்பில் விரிசல் கண்டது, சொந்த வார்டிலேயே படுத்துக் கிடந்தார். அதெல்லாம் வேறு விஷயம்.

வீட்டிலும் இந்தப் பிடி தளரவில்லை. கல்யாணமான புதிதில் மனைவியைக் கடைத்தெருவுக்கு அவர் அழைத்துப்போன விதத்தைப் பார்த்து, பெண்ணுக்குக் காலில் ஏதோ குறை, மறைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அந்தப் பேச்சை அடக்க அவள் தெருவில் ஒருநாள் ஓடிக்காட்ட வேண்டியிருந்தது. மகளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. தெரியவே தெரியாது என்றும் சொல்லமுடியாது. பின்னால் ஒருவர் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தால் பிரமாதமாக ஓட்டுவாள். பள்ளிக்கூடத்துக்கு அப்படித்தான் போய்வந்தாள். பத்தாவது பரீட்சை எழுதி முடிப்பதற்குள் அவருக்குச் செருப்புகள் தேய்ந்ததுதான் மிச்சம்.

குடியிருப்பு ஆஸ்பத்திரிக்குப் பின்புறம், ஊழியர் குவார்ட்டர்ஸில் மூன்றாவது மாடி. ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, ஒரு பால்கனி. அறையின் ஜன்னலோரம் மனைவியின் தையல் மெஷின். நர்ஸுகளின் வெள்ளை உடுப்பில் பாதி அந்த மெஷினில் தைத்ததுதான். டியூட்டி முடிந்து போகிற வழியில் அளவு கொடுத்துவிட்டு, மறுநாள் வருகிற வழியில் வாங்கிக்கொள்வார்கள். எல்லாரும் அவளைத் தையலக்கா என்பார்கள். அந்த வீட்டில் அடுப்பு ஒருநாள் எரியாமல் இருந்தாலும் இருக்கும், மெஷின் நின்றதில்லை.

இனிப் புறா.

ஒரு காலை, கைப்பிடி அழுக்குத் துணி டிராலியைத் தள்ளிக்கொண்டு வார்டுக் கட்டடத்தின் பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார். மேலே ஏசி ரிப்பேர் ஆட்கள் இயந்திரப் பெட்டியின் இடுக்கைச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். சுள்ளியும் தூசியும் கொட்டின. அதோடு டிராலியில் மொத்தென்று ஒன்று வந்து விழுந்தது. படுக்கை விரிப்பை விலக்கிப் பார்த்தார். ஒரு புறாக்குஞ்சு. குஞ்சு என்றதும் அழகாக எதையாவது நினைத்துக்கொள்ள வேண்டாம். மஞ்சள் நூல் ஒட்டிய வெறும் தோல், தொப்பை, வேறு ஏதோ பெரிய பறவைக்குச் செய்த அலகை அவசரத்தில் மாற்றி ஒட்டியது போல ஒரு மூஞ்சி.

கேட்டிலிருந்து வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருந்தான். ரொம்ப நாளாக இந்தத் தருணத்துக்காகவே காத்திருந்தவன் மாதிரி நிதானமாக நடந்துவந்தான்.

"என்னண்ணே, உங்க முன்னாடியே ஒண்ணு விழுந்திருச்சு போல."

"விழல. டிராலில ஏறிக்கிச்சு."

"மேலேர்ந்து கீழ வந்துச்சே."

"லிஃப்ட்டும்தான் மேலேர்ந்து கீழ வருது. அது விழுந்துச்சுன்னா சொல்ற?"

வாட்ச்மேன் டிராலிக்குள் எட்டிப் பார்த்தான். "சரி, கீழ வைங்க. ரவுண்ட்ஸ் பாத்துக்கும்" என்றான். ரவுண்ட்ஸ் என்பது ஆஸ்பத்திரிப் பூனை. பெரிய டாக்டர் போலவே காலையும் மாலையும் எல்லாக் கட்டடத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, எதையும் தொடாமல் முகத்தைச் சுளித்துக்கொண்டு போகும். ஆனால் சதையுள்ள எதையும் அது விட்டதாகச் சரித்திரமில்லை. இப்போதும் டிராலிச் சக்கரத்தருகே வந்து உட்கார்ந்திருந்தது.

கைப்பிடி குஞ்சைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். கூடு போன இடம் தெரியவில்லை. வேறு வழியுமில்லை.

தையலக்கா அதைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "இது எத்தனை நாளைக்கு?"

"நடக்கிற வரைக்கும்."

"புறா பறக்கணுங்க. நடக்கிறதுக்கா அதைக் கூட்டிட்டு வந்தீங்க?"

"முதல்ல நடக்கட்டும்" என்றார். எலும்பு வார்டுக்காரர் வேறெப்படிச் சொல்வார்?

சாப்பாடுதான் முதல் சிக்கல். தலையைச் சற்று உயர்த்திப் படுக்கவைத்து, கழுத்தடியில் துண்டு விரித்து, ஊறவைத்து நசுக்கிய பட்டாணியை ஸ்பூனில் எடுத்து அலகருகே நீட்டினார். வாயை இறுக மூடிக்கொண்டது. "ஆ சொல்லு" என்றார். சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த கிழவர்களையே வாய் திறக்கவைத்த மனிதர், கால்மணிநேரம் கெஞ்சிப் பார்த்துவிட்டுச் சோர்ந்து உட்கார்ந்தார். தையலக்கா அதைக் கையில் வாங்கினாள். அது உடனே அவள் விரலிடுக்கில் அலகை நுழைத்துக் குடைந்தது. பிறகு அவள் மடியில் கிடந்த நர்ஸ் சட்டையின் பித்தான் துளைக்குள் நுழைத்துக் குடைந்தது.

"இது வாயைத் திறக்கிற ரகம் இல்லங்க. மூக்கை நுழைக்கிற ரகம்" என்றாள்.

உண்மைதான். மற்றக் குஞ்சுகள் வாயைப் பிளந்து காட்டும். புறாக்குஞ்சு தாயின் தொண்டைக்குள் அலகை விட்டுத்தான் குடிக்கும். தையலக்கா பெரிய ஊசிக்குழாய் ஒன்றின் முனையை வெட்டியெறிந்துவிட்டு, அந்த வாயில் இழுபடும் துணியைக் கட்டி, நடுவே பித்தான் துளை மாதிரி ஒரு காஜா போட்டாள். ஓரம் பிரியாமல் நூல் சுற்றிய, நேர்த்தியான காஜா. குழாயில் பட்டாணியை நிரப்பி நீட்டியதும் குஞ்சு அதற்குள் முகத்தைப் புதைத்து, உடம்பெல்லாம் குலுங்கத் தின்றது. நெஞ்சுப் பை தளதளவென்று ஆனதும் நிறுத்திக்கொள்ள வேண்டும். அது காலியாவதற்குள் மறுபடி கொடுத்தால் உள்ளேயே புளித்து ஆளைக் கொன்றுவிடும். இதை அவளே விரலால் தொட்டுத் தொட்டுப் பழகிக்கொண்டாள்.

மீதி எல்லாவற்றையும் கைப்பிடி ஆஸ்பத்திரி முறைப்படி நடத்தினார். வார்டில் கட்டில் நிரம்பி வழியும்போது தரையில் பாய் போட்டுப் படுக்கவைக்கிற நோயாளிக்கு எக்ஸ்ட்ரா என்று பெயர். கணக்கில் வராத இந்த உயிருக்கும் அதே பெயர் அமைந்தது. எக்ஸ்ட்ரா கூடையில் படுத்தது. கூடையின் இரண்டு பக்கமும் ஐஸ் குச்சிகளை வைத்துக் கட்டித் தடுப்பு போட்டார், உருண்டு விழக்கூடாதே. படுக்கைப் புண் வராமலிருக்க அவ்வப்போது இடமும் வலமுமாகப் புரட்டிப் போட்டார். எக்ஸ்ட்ரா ஒவ்வொரு புரட்டலுக்கும் எழுந்து நேராக உட்கார்ந்தது. மறுபடி புரட்டினார். டியூட்டிக்குப் போகும்போது மனைவியிடம் ஒப்படைப்பார்.

"சாப்பிட்டாச்சு, வெளிக்குப் போயாச்சு, ராத்திரி நல்ல தூக்கம். இடது பக்கம் படுத்திருக்கு, கொஞ்ச நேரத்துல வலது பக்கம் திருப்பிடு."

"எனக்கு ஆறு உடுப்பு நாளைக்குள்ள குடுக்கணும். அது பாட்டுக்குக் கிடக்கட்டும்."

"புண்ணு வந்தா?"

"வந்தா காஜா போட்டுத் தைக்கிறேன். கிளம்புங்க."

மஞ்சள் நூல் உதிர்ந்து சாம்பல் இறகு முளைத்தது. கழுத்தில் பச்சை மினுக்கம் தெரிய ஆரம்பித்தது. நடைப் பயிற்சி துவங்கிற்று. கைப்பிடி கட்டுத்துணியில் ஒரு பட்டை செய்து எக்ஸ்ட்ராவின் இடுப்பில், அதாவது புறாவுக்கு இடுப்பு என்று எதைச் சொல்லலாமோ அதில், கட்டினார். குனிந்து பட்டையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடத்தினார். "மெதுவா, மெதுவா. சுவத்தோரமா. அவசரம் இல்ல." எக்ஸ்ட்ரா படுசமர்த்து. சொன்னதையெல்லாம் கற்றுக்கொண்டது. சுவரோரமாக நடந்தது. வாசற்படி வந்தால் நின்று, ஒரு காலை முன்வைத்து, மறு காலைச் சேர்த்து, அப்புறம்தான் அடுத்த அடி வைத்தது. சாய்தளத்தில் வேகத்தைக் குறைத்தது. இடுப்பு மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் எப்படி நடக்க வேண்டும் என்று யாராவது பார்க்க ஆசைப்பட்டால் அந்தப் புறாவைப் பார்த்திருக்கலாம்.

மாலையில் இருவரும் லிஃப்டில் இறங்கி முற்றத்துக்கு வருவார்கள். லிஃப்ட் கதவு திறந்ததும் எக்ஸ்ட்ரா உள்ளே நடந்து, திரும்பி, கதவைப் பார்த்து நின்றுகொள்ளும். புதிதாகக் குடிவந்த ஒருவர் ஒருநாள் பழக்கதோஷத்தில் அதைப் பார்த்து, "நீங்க எந்த மாடி?" என்று கேட்டுவிட்டுத் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சிறகு இருந்தது. விரித்து வெயிலில் காயவைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். வளர்ந்து பெரிதான பிறகும், குரல் கரகரத்து உறுமத் தொடங்கிய பிறகும், ஓரடி உயரத்திலிருந்து இறங்கவேண்டியிருந்தால் எக்ஸ்ட்ரா நின்றுகொண்டு கை வருகிறதா என்று பார்க்கும். கை வரும்.

இப்படி எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது பெரிய சிஸ்டர் படியேறி வந்தார். தலைமை நர்ஸ். குவார்ட்டர்ஸுக்கும் அவர்தான் பொறுப்பு. கிருமி என்றால் அவருக்குச் சொந்தப் பகை. போன வருஷம் ஒரு லேப் டெக்னீஷியன் மீன் தொட்டி வைத்திருந்தார் என்பதற்காக வீட்டையே காலி பண்ண வைத்தவர். மீன் தண்ணீருக்குள்தானே இருக்கிறது என்று அந்த ஆள் அழாக்குறையாகக் கேட்டதற்கு, "இருக்கட்டும், தண்ணியோட போகட்டும்" என்றாராம்.

பெரிய சிஸ்டர் வாசலிலேயே நின்றார். எக்ஸ்ட்ரா கட்டுத்துணிப் பட்டையோடு சுவரோரமாக நடந்துவந்து, வாசற்படியில் நின்று அவரைப் பார்த்தது.

"இது என்ன?"

"பேஷன்ட் சிஸ்டர்" என்றார் கைப்பிடி.

"பறக்குமா?"

"நல்லா நடக்குது சிஸ்டர்."

"நான் நடக்குமான்னு கேட்டேனா? பறந்து போச்சுன்னா அது பறவை, எனக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. பறக்காம வீட்டுக்குள்ள இருந்தா வளர்ப்புப் பிராணி. வளர்ப்புப் பிராணிக்கு இங்க இடம் இல்ல, வெச்சிருக்கிறவங்களுக்கும் இல்ல. திங்கட்கிழமை வீடு வீடா வர்றேன். ஒண்ணு அது போயிருக்கணும், இல்ல நீங்க போயிருக்கணும்." தையலக்காவைப் பார்த்து, "என் உடுப்புல கை கொஞ்சம் இறுக்கமா இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

தையலக்கா மெஷினை நிறுத்தினாள். அந்த மெஷின் அந்த நேரத்தில் நிற்பது வழக்கமில்லை.

"நல்லாக் கேட்டுக்கங்க. இந்த வீட்டை விட்டா, எந்த நர்ஸ் பஸ் ஏறி வந்து எங்கிட்ட அளவு குடுப்பா? நீங்க ரிட்டயர் ஆக இன்னும் காலம் இருக்கு, அதுவரைக்கும் இந்த ஜன்னலும் இந்த மெஷினும்தான். புறாவைப் பறக்க வைங்க. இல்லாட்டி எங்கயாவது விட்டுட்டு வாங்க."

"விட்டா ரவுண்ட்ஸ் தின்னுடும்."

"அதனாலதான் முதல்ல பறக்க வைங்கன்னு சொன்னேன்."

மேல்மாடியில் ஒரு பிசியோதெரபிப் பெண் குடியிருந்தாள். வார்டில் கைப்பிடி ஆளைப் பிடிப்பார், அவள் நடக்க வைப்பாள். சனிக்கிழமை அவளைக் கூப்பிட்டார்கள். வெளியூரில் வேலைபார்க்கும் மகளும் அன்று வந்திருந்தாள். அறையில் மெத்தையை விரித்தார்கள். பிசியோ பெண் சுருக்கமாகச் சொன்னாள்.

"இடுப்பு உயரத்துல இருந்து விடுவோம். கீழ போறப்ப தானா சிறகை அடிக்கும். நாலு தடவை விழுந்தா அஞ்சாவது தடவை பறந்திடும்."

"விழுந்தாவா?" என்றார் கைப்பிடி.

"மெத்தைதாண்ணே."

"மெத்தையில விழுந்தாலும் விழுந்ததுதான்."

அவரே விடுவதாகச் சொன்னார். எக்ஸ்ட்ராவை இரண்டு கையாலும் ஏந்தி நின்றார். "விடுங்க" என்றார்கள். விட்டார். கை கூடவே கீழே போய் ஏந்திக்கொண்டது. அடுத்த தடவையும் அப்படியே.

"அப்பா, கையை எடுங்க."

"எடுத்துட்டேனே."

"எடுத்து அதுக்குக் கீழ வெச்சிருக்கீங்க."

"அது தானா போகுதும்மா. நான் என்ன பண்ண?"

பிறகு மகள் ஒரு யோசனை சொன்னாள். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, நோயாளிக்குக் கட்டுகிற பட்டையாலேயே இரண்டு கையையும் பின்னால் கட்டினார்கள். அவர் மறுக்கவில்லை. தன் கையின்மேல் அவருக்கே நம்பிக்கை போயிருந்தது. பிசியோ பெண் புறாவைத் தூக்கி, உயரமாக நிறுத்தி, விட்டாள். எக்ஸ்ட்ரா அரைக்கணம் அந்தரத்தில் திகைத்தது. சிறகு விரிந்தது. ஒரு அடி, இரண்டு அடி அடித்தது. காற்றில் நின்றதென்றே சொல்லலாம். தையலக்கா வாயில் கடித்திருந்த குண்டூசியை விழுங்கப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துப் பெருஞ்சத்தம் கேட்டது. கைப்பிடி நாற்காலியோடு சேர்ந்து மெத்தைமேல் சரிந்து, மல்லாக்க உருண்டு, புறாவுக்கு நேர் அடியில் வந்து கிடந்தார். எக்ஸ்ட்ரா சிறகை மடக்கிக்கொண்டு அவர் வயிற்றில் இறங்கியது. இறங்கிச் சௌகரியமாக உட்கார்ந்து கண்ணை மூடியது.



"அண்ணே, அதுக்குப் பறக்கத் தெரியாம இல்ல" என்றாள் பிசியோ பெண். "நீங்க இருக்கீங்க. அப்புறம் அது எதுக்குப் பறக்கணும்?"

"அவரை வெளிய அனுப்பிட்டுப் பண்ணுவோம்" என்றாள் தையலக்கா.

"அதெல்லாம் முடியாது" என்றார் கைப்பிடி, கிடந்த இடத்திலிருந்தே. "நான் டியூட்டில இல்லாதப்ப விழுந்தாலும் அது என் பேஷன்ட்டுதான்."

"அப்ப டிஸ்சார்ஜ் பண்ணிடுங்கப்பா" என்றாள் மகள்.

 அவர் யோசிக்கிறார் என்பது நாற்காலியின் அசைவிலிருந்து தெரிந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம். குணமாகிப் போகிற நோயாளி நன்றாக நடந்தாலும் சரி, சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத்தான் வாசல் கேட் வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். கேட்டில் தரையில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. கோட்டைத் தாண்டி நோயாளி காலை வைத்ததும் கைப்பிடி தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்வார். அதன்பின் நடப்பது அவருக்குச் சம்பந்தமில்லாதது. ஒருதரம் ஒரு வாத்தியார் கோட்டைத் தாண்டிய மறுநிமிஷமே வாழைப்பழத் தோலில் வழுக்கினார். கைப்பிடி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ரோடு என் வார்டு இல்ல" என்றார் பிறகு. கல்நெஞ்சம் என்று சொல்வார்கள். ஊரில் நடக்கிற அத்தனை பேரையும் ஒரு மனிதர் பிடிக்கமுடியாது, எங்காவது ஒரு கோடு கிழித்துத்தான் ஆகவேண்டும்.

"டிஸ்சார்ஜ்னா எல்லாம் முறைப்படி நடக்கணும்" என்றார் கைப்பிடி.

"நடத்துவோம். முதல்ல எந்திரிங்க" என்றாள் தையலக்கா.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பார்வையாளர் நேரத்தில், எக்ஸ்ட்ரா சக்கர நாற்காலியில் புறப்பட்டது. அடியில் மடித்த போர்வை, இடுப்பில் பட்டை. பின்னால் கைப்பிடி இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையில் தள்ளிக்கொண்டு வந்தார். பக்கத்தில் தையலக்கா, மகள், பிசியோ பெண். பழக்கூடையோடு வந்த சொந்தக்காரர்கள் நின்று வழிவிட்டார்கள். ஒரு பெரியவர் அருகில் வந்து, "என்ன உடம்புக்கு?" என்று விசாரித்தார். "ஒண்ணும் இல்ல, நல்லாயிடுச்சு" என்றாள் தையலக்கா. "கடவுள் புண்ணியம்" என்று அவர் போனார்.

கேட்டில் வாட்ச்மேன் மறித்தான்.

"கூட்டிட்டுப் போக ஆள் வந்திருக்கா? ஆள் இல்லாம விடமுடியாது. ரூல்ஸ்."

பிசியோ பெண் வாசல் வளைவைக் காட்டினாள். வளைவின் மேலே வரிசையாக ஏழெட்டுப் புறாக்கள் உட்கார்ந்திருந்தன.

வாட்ச்மேன் அண்ணாந்து பார்த்தான். "அவங்கள்ல யாரு?"

"எல்லாரும்தான். பெரிய குடும்பம்."

"பேஷன்ட்டுக்கு ஒருத்தர்தான் அனுமதி" என்று முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்துகொண்டான்.

கைப்பிடி பட்டையை அவிழ்த்தார். கையை நீட்டினார். எக்ஸ்ட்ரா அதில் கால்வைத்து இறங்கி, மஞ்சள் கோட்டருகே நின்று, ஒரு காலை முன்வைத்து, மறு காலைச் சேர்த்து, கோட்டைத் தாண்டியது. கைப்பிடி தன் கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டார். விரல்கள் வெளுத்துப்போகிற அளவுக்கு இறுக்கிக் கோத்திருந்ததை மகள் பார்த்தாள்.

எக்ஸ்ட்ரா பறக்கவில்லை. சுவரோரமாக, அவசரமில்லாமல் நடந்து, ஆட்டோ நிற்கிற இடத்துக்குப் போய், அங்கே காத்திருந்த ஒரு குடும்பத்துக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டது. ஆட்டோக்காரர் அந்தக் குடும்பத்தைப் பார்த்தார், புறாவைப் பார்த்தார். "எல்லாரும் ஒரே இடத்துக்கா?" என்றார்.

அப்போது ஆட்டோவுக்கு அடியிலிருந்து ரவுண்ட்ஸ் வெளியே வந்தது.

பூனை அவசரப்படவில்லை. வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு ஓரடி வைத்தது, நின்றது. இன்னும் ஓரடி. எக்ஸ்ட்ரா அதைப் பார்த்தது. இதுவும் நடைப் பயிற்சிக்கு வந்திருக்கிறது என்று நினைத்ததோ என்னவோ, கொஞ்சம் ஒதுங்கி இடம்விட்டது.

"பறந்துடு, சனியனே" என்றாள் தையலக்கா பல்லைக் கடித்துக்கொண்டு. கண்ணுக்குள் வீடு, ஜன்னல், மெஷின் எல்லாம் வந்துபோயிருக்கும். ஆனால் கல்லை எடுத்துப் பூனையின் மேல் எறிந்தவளும் அவள்தான். கல் ஆட்டோவில் பட்டது. பூனை அசையவில்லை. பின்னங்கால்களை மடக்கிப் பாயத் தயாரானது.

கைப்பிடி கோட்டைத் தாண்டினார். அத்தனை வருஷத்தில் வேலை நேரத்தில் அவர் அந்தக் கோட்டைத் தாண்டி யாரும் பார்த்ததில்லை. இரண்டு கையையும் விரித்து முன்னால் நீட்டிக்கொண்டு, "இரு, இரு, பிடிச்சுக்கறேன்" என்று ஓடினார்.

எக்ஸ்ட்ரா திரும்பிப் பார்த்தது. பூனை ஒரு பக்கம், கைகள் ஒரு பக்கம். இடமும் வலமும் புரட்டிய கைகள், பட்டை கட்டிய கைகள், எங்கே இறங்கினாலும் அடியில் வந்து நின்ற கைகள், இப்போது அகல விரிந்துகொண்டு பாய்ந்து வருகின்றன. வளர்ந்த புறாவுக்கும் பொறுமைக்கு ஓர் எல்லை உண்டு. அது சிறகை அடித்து எழும்பிற்று. பூனைக்குப் பயந்து பறக்கவில்லை. பூனை எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமாகத்தான் பறந்தது. கைகளிடமிருந்துதான் தப்பித்தது.

நல்ல பறத்தல் என்று சொல்லமுடியாது. ரவுண்ட்ஸின் முதுகை உரசிக்கொண்டு போய் ஆட்டோவின் கூரையில் மோதி, வழுக்கி, கண்ணாடி மேல் விழுந்தது. அங்கிருந்து கிளம்பி டீக்கடைத் தார்ப்பாயில் விழுந்து உருண்டது. கைப்பிடி அண்ணாந்து பார்த்தபடி அதற்கு நேர் கீழே ஓடிக்கொண்டிருந்தார். வண்டிகள் ஹாரன் அடித்தன. அவர் கைகள் ஏந்தியே இருந்தன. தார்ப்பாயின் விளிம்பிலிருந்து எக்ஸ்ட்ரா மூன்றாவது தடவை கிளம்பியபோது சிறகு ஒழுங்காக அடித்தது. சாலைக்கு மேலே ஒரு வட்டம் போட்டு, வளைவில் போய் மற்றப் புறாக்களின் நடுவே இறங்கியது. அந்த வரிசை முழுவதும் ஓர் அங்குலம் நகர்ந்து இடம்கொடுத்தது.

கைப்பிடி டீக்கடை வாசலில் நின்றார். மூச்சு வாங்கியது.

"விழுந்திருச்சு" என்றார்.

"ரெண்டு தடவை" என்றாள் பிசியோ பெண்.

"எல்லாரும் பாத்தாங்க."

"செத்தா போச்சு?" என்றாள் தையலக்கா.

அவர் வளைவைப் பார்த்தார். எது எக்ஸ்ட்ரா என்று அவருக்கே அடையாளம் தெரியவில்லை. எல்லாம் ஒரே சாம்பல், ஒரே கழுத்து மினுக்கம். அதில் ஒன்று பக்கத்துப் புறாவைக் கொத்தித் தள்ளிக்கொண்டிருந்தது.

"இல்ல" என்றார்.

"அப்ப வாங்க. பால்கனி பூரா எச்சம். நாளைக்குள்ள சுரண்டணும்."

அப்பா, அம்மா, மகள் மூன்று பேரும் உட்கார்ந்து சுரண்டினார்கள். கூடையை எரித்தார்கள். மெஷினுக்கு அடியிலிருந்து மட்டும் ஒரு முறம் இறகு வந்தது. பினாயில் வாடையில் அன்று யாருக்கும் பசிக்கவில்லை.

திங்கட்கிழமை பெரிய சிஸ்டர் வந்தார். கதவுக்குப் பின்னால் பார்த்தார், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார், ஜன்னல் விளிம்பில் விரலை ஓட்டி விரலைப் பார்த்தார். புதிதாகக் கை தளர்த்தித் தைத்த உடுப்பைத் தையலக்கா அவரிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டார்.

"பறந்துச்சா?" என்று கைப்பிடியைக் கேட்டார்.

"பறந்துச்சு சிஸ்டர்."

"நல்லா பறந்துச்சா?"

அவர் சற்று யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லை. "இல்ல சிஸ்டர். கண்றாவியா பறந்துச்சு."

"போதும். அதுக்கு மார்க் போட நான் வரல. நீங்க இங்கயே இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, உடுப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு பெரிய சிஸ்டர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.

பக்கத்து வீட்டில் எக்ஸ்ரே எடுப்பவர் குடியிருந்தார். அவர் பீரோவுக்குள் ஒரு முயல் இருப்பது பெரிய சிஸ்டரைத் தவிர அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் தெரியும். கதவு திறக்க வெகுநேரம் ஆனது. தையலக்கா மெஷினை வேகமாக ஓட்டத் தொடங்கினாள். முயல் சத்தம் போடாதுதான், ஆனாலும் நம்மாலான ஒத்தாசை என்று நினைத்தாள்.